க போட்டுச் சண்டை

மார்ச் 3
பிரிந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. அவர் தனியாக ஓர் அறையும் பார்த்துவிட்டார். கண் ஆபரேஷனுக்கு வந்திருக்கும் மாமியார் ஊர் திரும்பும்வரை மூச்சு விடக்கூடாது. பல வருஷத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு கருத்தொற்றுமை!

மார்ச் 5
சண்டை போடாமலும் இருக்க முடியவில்லை. சின்ன வீடு. மாமியாருக்குக் கண்ணில்தான் கட்டு. காது பாம்புச் செவி. பள்ளியில் பேசிய க பாஷையை எடுத்துவிட்டேன் — ஒவ்வோர் அசைக்கும் முன்னால் ஒரு க. அவருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தபடியே, சிரித்த முகத்தோடு, "கநீ கபொய் கசொல் கற" என்றார்.
"கநீங் கக கதான்" என்றேன், அதைவிட இனிமையாக.

மார்ச் 9
மாமியார் போனில் நாத்தனாரிடம்: "ரெண்டும் எந்நேரமும் குசுகுசுன்னு கொஞ்சிக்குதுங்கடி. கண்ணு பட்டுடப் போகுது!"
அப்போது அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது — உன் முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 12
இந்த பாஷையில் கத்த முடியாது. கல்நெஞ்சக்காரர் என்று திட்டப்போனேன். "ககல் கநெஞ் ககா..." நாக்கு சுளுக்கிக்கொண்டது. அவர் பொறுமையாகக் காத்திருந்து, "நடுவுல ஒண்ணு விட்டுட்டே" என்றார். சிரித்துத் தொலைத்துவிட்டேன். அப்புறம் எதற்குக் கோபப்பட்டேன் என்று தேட வேண்டியதாயிற்று. வெட்கமாயில்லையா எனக்கு?

மார்ச் 16
கேட்டேவிட்டேன். எங்க அப்பா ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டு கிடந்தபோது நீங்க ஏன் எட்டிக்கூடப் பாக்கல? நேர்த்தமிழில் கேட்டிருந்தால் பாதியிலேயே வாயை அடைத்திருப்பார். இதில் முடியாது — அசை அசையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளவே நேரம் சரியாயிருக்கும். முதல்முறையாக நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"கப கயந் கதுட் கடேன்."
பயந்துட்டேன். அவ்வளவுதான். இதைச் சொல்ல இத்தனை காலமா மனுஷா?
"என்னடா, ரெண்டும் கப்சிப்னு ஆயிட்டீங்க?" என்றார் மாமியார்.

மார்ச் 20
கட்டுப் பிரித்தாயிற்று. மாமியாரை ரயிலேற்றிவிட்டு வந்தோம். இனி எந்தத் தமிழில் வேண்டுமானாலும் கத்தலாம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 22
அவர் பார்த்துவைத்த அறையின் சொந்தக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "அம்மா கிளம்பினதும் வந்துடறேன்னீங்களே சார், எப்ப வர்றீங்க?"
அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "அம்மா இன்னும் ஊருக்குப் போகலைங்க. இப்போதைக்குப் போற மாதிரியும் தெரியல. நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க."
உள்ளே இருந்து நான் குரல் கொடுத்தேன்: "இதோ வரேன் அத்தை!"