அரசன் தலை போட்ட பென்னி

ஜூன் 14, ஞாயிறு

காலையில் மண்ணுக்குள் உலோகம் தேடும் மெஷினோடு காட்டுக்குப் புறப்படும்போதே என் கணவர் ரவி சொல்லிவிட்டார்: "இண்டைக்கும் சோடா மூடிதான் எண்டால் மெஷினை வித்துப்போடுவன்." வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் விசிலடித்துக்கொண்டு வெளிக்கிடும் ஒரே நாள் ஞாயிறு.

அதனால் அவர் காருக்குப் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, நான் பழைய பென்னி நாணயம் ஒன்றை யூகலிப்டஸ் மரத்தடியில் புதைத்தேன். பழைய நாணயங்கள் விற்கும் கடையில் வாங்கியது. அழுக்காக இருந்ததால் நேற்றுக் குத்துவிளக்கோடு சேர்த்துத் தேய்த்து வைத்திருந்தேன். முப்பது வருடச் செய்தியாளர் வாழ்க்கையில் நான் ஒரு பொய்ச்செய்தியும் எழுதியதில்லை.

சற்று நேரத்தில் மெஷின் கத்தியது. மண்டியிட்டுத் தோண்டினார்.

"சரோ, இங்க வந்து பாரும். அரசன்ர தலை."

"பழசோப்பா?" என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டேன்.

"நூறு வருசம் வரும்," என்றார். அதை வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்.

மாலையில் அவர் குளிக்கப் போனபோது, கண்டெடுத்தவற்றை எழுதிவைக்கும் அவருடைய கொப்பியைத் திறந்தேன். "பென்னி. ஆழம் இரண்டு அங்குலம். மண் இளகியிருந்தது. புளி போட்டுத் தேய்த்த மினுக்கம். புதைத்தவர்: சரோ."

மெஷினின் பற்றரி இப்போது குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிறுக்கென்று போட்டது அவர்தான்.