ஈயத் தடுப்புக்குப் பின்னால்

14 மார்ச் 1983, திங்கள்

இன்று கை முறிந்த ஒரு சின்னப் பையனை அவன் அம்மாவும் அவளுடைய மாமியாரும் கீழ்பென்னாத்தூரிலிருந்து எக்ஸ்ரே எடுக்கக் கூட்டி வந்தார்கள். பையன் ஆடாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். "முழுகாம இருக்கியாம்மா?" என்று வழக்கம்போல் கேட்டேன். மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இல்லையென்று தலையாட்டினாள். அவளே பிடித்துக்கொண்டாள். நான் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்தினேன்.

மாமியார் வாசலில் எங்கள் ஊர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் தனியாக உள்ளே வந்தாள்.

"ரெண்டு மாசம்க்கா. மூணு முடியாம யாருக்கும் சொல்லாதன்னு எங்கம்மா சொல்லிச்சி. ஏதாச்சும் ஆயிடுமா?"

அந்தக் கதிருக்குச் சூடு இல்லை, வாசனை இல்லை. உடம்பில் எதைத் தொட்டுவிட்டுப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. கைப் படத்தில் வயிற்றுக்குப் போவது ரொம்பக் கொஞ்சம், பயமில்லை என்றுதான் படித்திருக்கிறேன். எனக்கு இரண்டு முறை கரு கலைந்தபோது, இந்த வேலையால் இருக்காது என்றுதான் டாக்டரும் சொன்னார். நிச்சயமாகவா என்றேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"ஒண்ணும் ஆவாதும்மா, ரொம்ப கம்மிதான். டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடு" என்றேன்.

அவள் நம்பவில்லை. "நீங்க தெனம் இதுலயே கெடக்கறீங்களே, உங்களுக்கு எத்தினி பசங்க?"

"ஒரு பொண்ணு."

"பேரு இன்னாக்கா?"

இரண்டாவது முறை நாள் தள்ளியபோது என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்த பெயரைச் சொன்னேன்.

"நல்ல பேருக்கா" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அந்தப் பெயரை ஒரு முறை கொடுத்தாகிவிட்டது; இனி எனக்கு ஒன்று பிறந்தாலும் வைக்க மாட்டேன்.