வேரில் காய்த்தது

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இப்போதுதான் சோறு தொண்டையில் இறங்குகிறது.

நீ அனுப்பிய மரம் அறுக்கிறவர் செவ்வாய்க்கிழமை வந்தார். உன் புது வீட்டு வாசற்காலுக்கு நம் பலாமரம் வேண்டுமாம். மூன்று வருஷமாகக் காய்க்கவில்லை, வேர் சிமெண்டுத் தரையைப் பிளக்கிறது, அண்ணி அழுதாலும் வெட்டிவிடுங்கள் என்றாயாம். நான் அழவில்லை.

உன் அண்ணன் கண்ணை மூடிய மறுவாரம், முற்றம் சேறாக இருக்கிறதென்று மரத்தின் தூர்வரை சிமெண்டு பூசவைத்தது நீதான். அதில் விரிசல் விட்டது உண்மை. ஆனால் இந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பழவாசனை. மேலே பார்த்தால் ஒரு பிஞ்சு கூட இல்லை. ஈயெல்லாம் விரிசலில் மொய்க்கிறது. பலா வயசாக ஆகக் கீழே இறங்கிக் காய்க்கும், கிழட்டு மரம் வேரில்கூடக் காய்க்கும் என்று உன் அண்ணன் சொல்லும்போது, தச்சன் புளுகு என்று சிரித்திருக்கிறேன்.

உன் அண்ணனுடைய உளியாலேயே தரையைக் கொத்தினேன். அறுக்கிறவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, தள்ளுங்கக்கா, இப்படிக் கொத்தினா பழம் அடுத்த வருஷம்தான் வெளியே வரும் என்று கடப்பாரையை எடுத்தார். உள்ளே பழம், ஒரு பக்கம் சப்பையாக. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நான்தான் அறுத்தேன். பன்னிரண்டு சுளை தின்றார். சுட்டுத் தின்னக் கொட்டையையும் கட்டிக்கொண்டு, ரம்பத்தைத் திருப்பி எடுத்துப்போனார்.

இந்த மரத்துப் பால் நம் ஓட்டைக் குடத்தை எத்தனை தடவை அடைத்திருக்கிறது, உனக்குத் தெரியும். அதெல்லாம் இல்லாவிட்டாலும் சொல்கிறேன். காய்க்காததை வெட்டலாம் என்று யார் சொன்னது? எனக்கும்தான் பிள்ளை இல்லை. இருபத்தாறு வருஷத்தில் உன் அண்ணன் ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

வாசற்காலுக்கு வேறு மரம் பார். இதுதான் வேண்டுமென்றால் இனி ஆள் அனுப்பாதே, நீயே வா. தூரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். என்னை எழுப்பிவிட்டு வெட்டு.

வெட்டாவிட்டாலும் வா. சிமெண்டு பூசவைத்துவிட்டுப் போனவன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நீ பேசினால் அப்படியே உன் அண்ணன் குரல். ஒருநாள் இருந்து பேசிவிட்டுப் போ.

நன்றாக இரு.

உன் அண்ணி