மூன்றாவது ஓலை

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

குழாய் சரியாகிவிட்டது. மாடிவீட்டு அக்கா உன்னையும் பாப்பாவையும் விசாரித்தார். "எப்ப வர்றாங்க?" என்றார். "வருவாங்க" என்றேன். "அது தெரியும்பா, எப்ப?" என்றார். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

உன் மூன்றாவது கடிதம் திங்கட்கிழமை வந்தது. போனில் நாம் பாப்பாவின் இருமலைத் தாண்டிப் பேசுவதில்லை. அதனால் கடிதம் வந்தால் பயமும் கூடவே வருகிறது. ஆஸ்பத்திரி லேபில் உன் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அடுத்த வரி: "நாங்கள் அடுத்த மாதம் வீடு மாறுகிறோம்."

நாங்கள்.

முதல் கடிதத்தில் "நாம் ஒரு வீடு பார்க்க வேண்டும்" என்று இருந்தது. இரண்டாவதிலும் நாம்தான். மூன்றையும் மேஜையில் பரப்பி வைத்தேன். பென்சில் கையில் இருந்தது. அடிக்கோடு போடவில்லை.

மறுநாள் கல்லூரியில் அந்தப் பழைய காவியம். கல்யாணமான புதிதில் உன்னிடம் சொல்லிச் சொல்லி அறுத்தேனே, அதுதான். கடல் கடந்து போன வணிகனுக்கு மனைவி மூன்று ஓலை அனுப்புகிறாள். அவள் பொறுமையின் வடிவம் என்று ஐந்து வருடமாக நடத்திவருகிறேன். வகுப்பில் ஒரு பெண்ணுக்கு 'ஆதாரம்' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் "எந்த வரியில இருக்கு?" என்பாள். என்னிடம் கற்றுக்கொண்டதுதான். அவள் எழுந்தாள். "அவ பொறுமையா இல்ல சார். மனசு விட்டுப்போச்சு. மொத ரெண்டு ஓலையில 'நாம்'. மூணாவதுல 'யாம்'. நாங்கள்னு அர்த்தம். கேக்கறவன் அதுல சேர்த்தியே இல்ல."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏட்டப் பாத்து நகல் எழுதுனவரு தூக்கக் கலக்கத்துல மாத்தியிருப்பாரு" என்றான். சிரிப்பு. இருக்கலாம் என்றேன் நான். வகுப்பு என்னை ஒரு மாதிரி பார்த்தது. ஊகத்துக்கு நான் மதிப்பெண் போட்டதே இல்லை.

அவள் உட்காரவில்லை. "அவன் அனுப்புன பதில் காவியத்துல இல்ல சார். ஆனா கண்டுபிடிக்கலாம். மொத ஓலையில எந்தக் கப்பல்ல வர்றீங்கன்னு கேக்கறா. ரெண்டாவதுலயும் அதே கேள்வி, அதே வார்த்தை. அவன் ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா ஏன் திரும்பக் கேக்கப்போறா? மூணாவதுல கேள்வியே இல்ல."

மணி அடித்தது. பாராட்டக்கூட இல்லை அவளை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். "இடமாறுதலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?" முதல் கடிதத்தின் கடைசி வரி. இரண்டாவதன் கடைசி வரியும் அதுவே. மூன்றாவது, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடிகிறது.

என் பதில்கள் உன்னிடம் இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கருத்தரங்கு. என் கட்டுரை. இங்கே பெய்யும் மழை.

தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வாசிப்பதுதான் என் வேலை.

இன்று காலை விண்ணப்பம் கொடுத்தேன். துறைத்தலைவர் மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா, இந்த ஊர் நூலகத்த விட்டா மூச்சே நின்னுடும்னு சொன்ன ஆளாச்சே" என்றார். உன் ஊர்க் கல்லூரியில் இடம் காலியா என்று தெரிய ஒரு மாதம் ஆகுமாம். கிடைக்காமலும் போகலாம்.

இதற்குக் கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன். எப்படியும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய். கிடைக்காவிட்டாலும் வருவேன் என்று எழுதியிருந்தேன். பயத்தில் எழுதியதாக நினைப்பாயோ என்று அடித்தேன். பயம்தான். ஆனாலும் வருவேன்.

பாப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே. நாள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். புது வீட்டுக்காரர் எத்தனை பேர் குடிவருகிறீர்கள் என்று கேட்பார். கேட்டிருந்தால் இரண்டு என்றுதான் சொல்லியிருப்பாய். அதில் தப்பில்லை. இன்னும் கேட்கவில்லை என்றால், மூன்று என்று சொல்வாயா?

இருவருக்கும் அன்புடன்,
பாப்பாவின் அப்பா