முதலாளி வீட்டுத் தும்மல்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே மழைக்கு மறுநாள் வெயிலும் காற்றும் சேர்ந்தால் புல்லின் மகரந்தம் கிளம்பிவிடும். முதலாளியம்மாவின் குழந்தைக்கு அது பட்டால் மூச்சு இழுக்கும்; எனக்கு வெறும் தும்மல். அதனால் பாத்திரம் தேய்க்குமுன் என்னைப் புல்வெளியில் நிறுத்துவார்கள். நான் தும்மினால் ஜன்னல்களைச் சாத்துவார்கள். இந்த வீட்டில் என் மூக்குக்குத்தான் மரியாதை.

நீங்கள் அனுப்பிய தும்மல் மாத்திரையை நேற்றுப் போட்டேன், தும்மல் நின்றது. ஜன்னலைத் திறந்தார்கள். குழந்தை திணறிவிட்டது, இப்போது நலம்.

"இனிமே மாத்திரை கீத்திரை போட்டே, அன்னிக்கே ஊருக்குக் கிளம்பிடு" என்றார் முதலாளியம்மா.

மாத்திரை வேண்டாம். மூக்குத் துடைக்க உங்கள் பழைய புடவையைக் கிழித்து அனுப்புங்கள். துவைத்தே அனுப்பலாம், எனக்கு இப்போது உங்கள் வாசனைகூடத் தெரிவதில்லை.

காற்று எழும்பிவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்