நீங்கள் எழுதிய ஆலா

இன்று காலை பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்க நின்றிருந்தேன். கூடைமேல் வந்து இறங்கிய வெள்ளைப் பறவையைக் கை வீசித் துரத்தினாள் மீன்காரி. "தோ பாரு, இந்த ஆலாக்கு இன்னா தைரியம். கூடைலயே குந்திக்கினு கீது." அந்தச் சொல் காதில் விழுந்ததும் மீன் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நீங்கள் அந்தச் சொல்லைக் கேட்டு வந்ததும் இதே கரையில்தான். மயிலாப்பூரில் நாம் வேலை பார்த்த பதிப்பகம், விண்வெளிக்குப் போன முதல் பெண்ணைப் பற்றிச் சிறுவர் நூல் ஒன்று போட நினைத்தது. அவருடைய நாடே சிதறிப்போன மறுவருடம் அது. எழுதும் வேலையை முதலாளி உங்களுக்குக் கொடுத்தார். முதுகலைத் தமிழ் படித்து, பன்னிரண்டு வருடமாகப் பிறர் எழுத்தில் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் தட்டச்சு செய்ய வந்தவர். அதை நான் மன்னிக்கவே இல்லை.

பஞ்சாலையில் வேலை பார்த்த பெண், பாராசூட்டில் குதிக்கப் பழகி, மூன்று நாள் தன்னந்தனியாகப் பூமியைச் சுற்றிவந்த கதையை நன்றாக எழுதியிருந்தீர்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வானொலியில் அவரை அழைத்த பெயர், அவர்கள் மொழியில் ஒரு கடற்பறவை. தமிழில் என்ன சொல்வது என்று ஒரு வாரம் அலைந்தீர்கள். ஒருநாள் செருப்பெல்லாம் மணலோடு வந்து நின்றீர்கள்.

"சார், கரையில கேட்டேன். ஆலாங்கறாங்க. கூப்பிட்டுப் பாருங்களேன், ஆலா, ஆலா... ரேடியோவுல கூப்பிடற மாதிரியே இருக்கு."

"அகராதியில கடற்காகம்னுதான் இருக்கு."

"காகம்னா பசங்க சிரிச்சிடுவாங்க சார்."

சிரிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். கடைசி மெய்ப்பு என் கைக்கு வந்தபோது ஒவ்வோர் ஆலாவையும் பச்சை மையால் அடித்து, கடற்காகம் என்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன்.

வெளியீடு ஒரு பள்ளிக்கூடத்தில். அன்று காலைதான் புத்தகக் கட்டைப் பிரித்தோம். நீங்களே படித்தீர்கள். அந்தப் பெண் வானிலிருந்து பேசும் இடம் வந்ததும் ஒரு கணம் நின்றீர்கள். பிறகு அச்சில் இருந்தபடியே, "நான் கடற்காகம்" என்று படித்தீர்கள். பின்வரிசையில் ஒருவன் "கா, கா" என்றான். அரங்கு முழுக்கக் கரைந்தது.

"யாரும்மா இந்த வார்த்தையைப் போட்டது?" என்றார் முதலாளி. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் பேர்ல வந்த புக் சார். நான்தான் பார்த்திருக்கணும்."

அடுத்த புத்தகம் எனக்கு வந்தது. உங்களுக்கு எதுவும் வரவில்லை.

அடையாற்றில் மருத்துவமனையில் நீங்கள் கடைசியாகப் படுத்திருந்தபோது உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். சாத்துக்குடியை மேசையில் வைத்துவிட்டு வெயிலைப் பற்றிப் பேசினேன். கிளம்பும்போது நீங்கள்தான் சொன்னீர்கள்: "மறுபதிப்பு வந்தா அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்திடுங்க சார். உங்களுக்குத் தெரியாததா." அதில் குத்தல் இருந்ததா என்று இன்றும் யோசிக்கிறேன். இருந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறுபதிப்பு வரவில்லை. அகராதிப்படி நான் செய்தது பிழையுமில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. வெட்கமே அதில்தான் இருக்கிறது. இன்று வீடு வந்ததும் என்னிடமுள்ள ஒரே பிரதியை எடுத்து, ஒவ்வொரு கடற்காகத்தையும் அடித்து ஆலா என்று எழுதினேன். பதினேழு இடம். பேனா வேறு, மை அதே பச்சை. முடித்ததும் "நான் ஆலா" என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

நீங்கள் சொன்னது சரி. கூப்பிடுகிற மாதிரியேதான் இருக்கிறது.