அறுபத்தொரு மைல் வேகம்

ஹாலோவே,
ஏப்ரல் 6, 2009

அன்புள்ள டெரில்,

சனிக்கிழமை வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வந்தேன். சிறை வாசல் வரைக்கும் வந்தேன். மூன்று மணிக்கு அடைத்துவிட்டார்கள், நான் சேர்ந்தது மூன்று ஏழு. நம் ஊர் எல்லையிலேயே ஒரு போலீஸ்காரன் நிறுத்தி இருபது நிமிடத்தைத் தின்றுவிட்டான். ஐம்பத்தைந்தில் போக வேண்டிய சாலையில் அறுபத்தொன்றில் போனேனாம். ஆறு மைல்! என் ஓட்டை வண்டி அதைக் கேட்டால் பூரித்துப்போகும்.

அபராதம் கிடக்கட்டும். இதற்கு உரிமத்தில் மூன்று தண்டனைப் புள்ளி. ஏற்கெனவே எட்டு இருக்கிறது, எல்லாம் உன்னிடம் வரும் வழியில் வாங்கியவை. பதினொன்றானால் ஒரு வருடத்துக்கு உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். நூற்றெண்பது மைல், பஸ்ஸும் கிடையாது. அப்புறம் எப்படி உன்னைப் பார்ப்பேன்?

அடுத்த வீட்டு பெவ் நேற்றும் விசாரித்தாள். "அலாஸ்காவுல படகு வேலை எப்படிப் போகுதாம்? குளிரு தாங்குறானா?" என்றாள். மீன் நிறைய என்றேன். மூன்று வருடமாக நீ மீன் பிடித்துக்கொண்டிருக்கிறாய். சொல்லிச் சொல்லி, உன்னைப் பார்க்கும்போது எனக்கே மீன் வாடை அடிக்கிறது.

ஒழுங்காகச் சாப்பிடு. போன முறை கழுத்தெலும்பு தெரிந்தது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா


சிறையிலிருந்து,
ஏப்ரல் 14

அம்மா,

அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிடாதே. கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும், புள்ளியும் ஏறிவிடும். "குற்றமில்லை" என்று எழுதிப் போட்டுவிட்டு நேரில் போ. என் அறையில் இருக்கும் லைல் பக்கத்து ஊர்க்காரன். நம் ஊர் நீதிபதி, பகலில் டிராக்டர் சாமான் கடை நடத்துகிறாரே, அவர், நியாயமான காரணம் இருந்தால் வேகமாகப் போனதை வண்டியைத் தப்பாக நிறுத்தியதாக மாற்றி எழுதிவிடுவாராம். அதற்குப் புள்ளி கிடையாது. லைல் சொல்கிறான்: "மாடு கன்னு போடுதுன்னு பறந்தவனையே விட்டாருடா. உங்கம்மா மகனப் பாக்க ஓடுச்சு, விடாம இருப்பாரா?"

வேகம் அளக்கும் கருவி சரியில்லை, அது இது என்று எதுவும் பேசாதே. என்னைப் பார்க்க வந்தேன் என்று சொல். அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது அம்மா. சனிக்கிழமையும் போய்விட்டால் எனக்கு வேறு நாளே இல்லை.

உன் டெரில்


ஹாலோவே,
மே 8

என் கண்ணே,

நேற்று மாலை வழக்கு, நம் ஊர் நீதிமன்றம் கூடுகிற அதே தீயணைப்பு நிலையக் கூடத்தில். நீ சொன்னபடியேதான் நடந்தது. நீதிபதி அன்பாகத்தான் கேட்டார்.

"உங்களத் தெரியாதா வெர்னா? காரணத்த மட்டும் சொல்லுங்க, மாத்தி எழுதிடுறேன். அவ்வளவு அவசரமா எங்க போனீங்க?"

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினேன். மூன்றாவது வரிசையில் பெவ். நாய்க்கு உரிமம் எடுக்கவில்லையாம், அவளுக்கும் அன்றுதான் வழக்கு. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கடையில ஒரு கோட்டு மாத்த வேண்டியிருந்துச்சு" என்றேன்.

"கோட்டுக்கா அறுபத்தொண்ணுல பறந்தீங்க?" என்றார். கூடமே சிரித்தது. டெரில், நானும் சிரித்தேன்.

மூன்று புள்ளி விழுந்துவிட்டது. அடுத்த வாரம் உரிமம் போகிறது. யாரையாவது வண்டியோட்டக் கூப்பிடலாம். எங்கே என்று கேட்பார்களே. அதைச் சொல்ல எனக்கு வாய் இருந்திருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன்.

என்னைப் போல ஒரு தாய் யாருக்கும் வேண்டாம். திட்டியாவது எழுது.

அம்மா


சிறையிலிருந்து,
மே 20

அம்மா,

பார்வையாளர் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். இனி யாரும் உன்னை எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். இத்துடன் தனித்தாளில் இருக்கும் கடிதத்தை பெவ்விடம் காட்டு. உறையைக் கிழித்துப் போட்டுவிடு, அதில் சிறை முத்திரை இருக்கிறது.

டெரில்


அலாஸ்கா,
மே 20

அன்புள்ள அம்மா,

நலமாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது. மீன் நிறைய.

மாற்றிய கோட்டு அளவாக இருக்கிறதா? எங்கள் படகு இந்த முறை வெகுதூரம் போகிறது. திரும்ப ஆறு வருடம் ஆகும். அங்கே தபால் வந்து சேராது, அதனால் எழுதாதே. பெவ் அத்தையைக் கேட்டதாகச் சொல்.

கரையில் வந்து காத்து நிற்காதே.

உன் மகன்,
டெரில்